பதினான்கு நாள் அண்டைவீட்டார்

அண்டைவீட்டார் என்றதும் நம் மனக்கண்முன் முதலில் எழுவது ஒரு சுவர். சுவருக்கு இப்புறம் நாம், அப்புறம் அவர்கள். சுவர் நகர்வதில்லை, ஆதலின் அண்டையாரும் நகர்வதில்லை. ஒரே தெருவில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, ஒரு வீட்டுக் குழம்பு மறுவீட்டுக்குப் போய்வந்து, பிறகு ஒரு முழ நிலத்துக்காக நீதிமன்றப் படியும் ஏறிய குடும்பங்கள் இல்லாத பங்கு ஏது? ஆனால், வீடே நகருமாயின் என்ன ஆகும்? பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை வீடு இடம்பெயர்ந்தே தீரவேண்டும் என்று சட்டமும் இருக்குமாயின், அங்கே அண்டைவீட்டார் எனப்படுவோர் யாவர்? 2024ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில், கால்வாய்ப் படகு ஒன்றில் பதினொரு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, இவ்வினாவுக்கு விடை சொல்லவல்ல மனிதரிடையே வாழ்ந்தோம்.

விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்ற அங்கே சென்றிருந்தோம். அப்பங்கில் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமரும் முதிய தம்பதியர் இருந்தனர். கணவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். மனைவியார் செவிலியராகப் பணிசெய்தவர். பங்குத்தந்தை திரும்பி வந்ததும், நாம் ஊர் திரும்புவதற்கு எஞ்சியிருந்த நாட்களைத் தம்முடன் கழிக்கலாமே என்று அவர்கள் அன்புடன் அழைத்தார்கள். "வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். "இன்று காஸ்குரோவில் இருக்கிறது, தந்தையே. நீங்கள் புறப்படும் நாளில் எங்கே இருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறோம்" என்றார் அம்மையார். எட்டு ஆண்டுகளாக அவர்களுக்குப் படகே வீடு.

கால்வாய் என்றால் நம் உழவர் பெருமக்கள் பாசனத்தையே நினைப்பர். இங்கிலாந்தின் கால்வாய்கள் வயலுக்கு நீர் பாய்ச்ச வெட்டப்பட்டவை அல்ல. ஒருகாலத்தில் சென்னைக்கு விறகும் உப்பும் சுமந்துவந்த நம் பக்கிங்காம் கால்வாயைப் போலச் சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டவை. 1761ஆம் ஆண்டில், பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தம் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் நோக்கிக் கொண்டுசெல்ல ஒரு கால்வாயைத் திறந்தார். அதில் பணியாற்றிய பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி பின்னர் டிரென்ட் - மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, குன்றைக் குடையும் செலவையும் தண்ணீர்ச் செலவையும் குறைக்க எண்ணி, அதன் பெரும்பகுதியில் 'லாக்'குகளின் அகலத்தை ஏழடி அளவில் நிறுத்திக்கொண்டார். லாக் என்பது இரு முனைகளிலும் கதவுடைய நீண்ட கல்தொட்டி. படகு உள்ளே புகுந்ததும் பின்கதவை அடைத்து, மேலிருந்து நீரை விட்டால், தொட்டி நிறைய நிறையப் படகும் உயரும்; பிறகு முன்கதவைத் திறந்து மேல்நீரில் செல்லலாம். மேட்டு நிலத்தில் படகு ஏறும் படிக்கட்டு இதுவே. பிரிண்ட்லி செய்த அந்தச் சிக்கனத்தின் பயனாக, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இக்குறும்படகுகளின் அகலம் 6 அடி 10 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. நீளம் எழுபதடி வரை இருக்கலாம். அகலம் மட்டும் கூடாது.

நம்மை ஏற்றுக்கொண்ட படகின் நீளம் 57 அடி. உள்ளே நுழைந்தால், புகைவண்டிப் பெட்டி ஒன்றில் குடித்தனம் நடத்துவது போன்ற தோற்றம். முன்புறம் கணப்படுப்பும் இரு நாற்காலிகளும், அடுத்துச் சமையலிடம், அதற்கப்பால் குளியலறை, பின்கோடியில் படுக்கை. ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்கவேண்டும். அம்மையார் தேநீர் வைக்க எழுந்தால் ஆசிரியர் தம் கால்களை மடக்கிக்கொள்வார். நாம் நம் கால்களை மடக்கிக்கொள்வோம். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போக அங்கே வேறு அறை இல்லை! நாற்பத்தொரு ஆண்டு மணவாழ்வில் முதல் முப்பத்துமூன்று ஆண்டுகளைவிடப் படகில் கழித்த எட்டு ஆண்டுகளில்தான் விரைவாகச் சமாதானம் செய்துகொள்ளக் கற்றதாக அம்மையார் கூறினார். இளம் தம்பதியர் எவரேனும் இதைப் படித்துப் படகு வாங்கப் புறப்பட வேண்டா. அவர் கூறியதை அப்படியே எழுதினோம்.

வீட்டில் இருப்போர் எண்ணிப் பாராத பொருள்களை எல்லாம் படகில் இருப்போர் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது. தண்ணீர் ஒரு தொட்டியளவே உண்டு. தீர்ந்தால் அடுத்த குழாய் இருக்குமிடம் வரை படகை ஓட்டவேண்டும். மின்சாரம் கூரைமேலுள்ள சூரியத் தகடுகளிலிருந்தும், இயந்திரம் ஓடுகையில் அதிலிருந்தும் மின்கலங்களில் சேரும். மாரிக்காலத்தில் சூரியனை நம்புவது வீண். கழிவுப் பெட்டியை உரிய இடத்துக்குத் தூக்கிச் சென்று கொட்டவேண்டும். இரு படகுக்காரர்கள் சந்தித்தால், முதலில் வானிலை, அடுத்து இயந்திரம், மூன்றாவது இப்பெட்டி என்று பேச்சு வரிசையாக நடப்பதைக் கண்டோம். மூன்றாவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் நட்பு உறுதியாயிற்று என்று பொருளாம்.

இப்படகுகளில் முன்பு வாழ்ந்தவர்கள் ஓய்வுக்காக வந்தவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்து, கால்வாய்க் கூலி குறைந்ததும், கரையில் வாடகை கொடுக்க இயலாத படகோட்டிகள் மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். எழுபதடிப் படகில் அறுபதடிக்குக் கரியும் தானியமும். எஞ்சிய பத்தடியில் ஒரு குடும்பம். பகலில் மேசையாகவும் அலமாரியாகவும் நிற்கும் பலகையே இரவில் கட்டிலாக விழும். அச்சிறு அறையின் கதவுகளிலும் நீர்க்குடங்களிலும் ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் தீட்டி, பித்தளையைத் துலக்கி வைத்து, அவர்கள் அழகு கண்டார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிப்பது? எந்த ஊரிலும் இரண்டு நாள் நில்லாத பிள்ளையை எந்த ஆசிரியர் தம் பதிவேட்டில் எழுதுவார்? கோல்வில் ஊரைச் சார்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாது எழுதியும் பேசியும் வாதாடியதன் விளைவாக 1877ஆம் ஆண்டில் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. குடியிருக்கும் படகுகள் பதிவுபெற வேண்டும், இத்தனை பேரே தங்கலாம், பிள்ளைகள் பதிவான ஊரின் பள்ளிக்கு உரியவர்கள் என்றெல்லாம் அது விதித்தது. எனினும், சட்டம் எழுதிய காகிதம் கரையிலும் பிள்ளைகள் நீரிலும் இருந்தனர். எழுத்தறியாமலே வளர்ந்தவர் மிகப் பலர்.

நாம் தங்கிய பகுதியிலேயே அம்மக்களுக்குத் துணைநின்ற ஒருவர் வாழ்ந்தார். ஸ்டோக் புரூயன் என்ற சிற்றூரில், கால்வாய்க் கரையில் கயிறு விற்ற ஒருவரின் மகளாகிய மேரி வார்டு என்னும் செவிலியர், பல்லாண்டுகளாகப் படகுக் குடும்பங்களுக்கு மருத்துவ உதவி செய்துவந்தார். நகர மருத்துவரிடம் போகத் தயங்கிய தாய்மார்கள், இன்ன நாளில் அவ்வூரைக் கடப்போம் என்று கணக்கிட்டு அவரிடம் வந்தார்கள். 1951ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பதக்கம் வழங்கிற்று. 1972இல் அவர் காலமானார். (லொரேட்டோ கன்னியர் தம் தாயாகப் போற்றும் பதினேழாம் நூற்றாண்டு மேரி வார்டு அம்மையார் வேறு, இவர் வேறு. நம் கன்னியர்கள் குழம்பவேண்டா.) சரக்குப் படகுகளின் வாழ்வை முடித்தது 1962-63ஆம் ஆண்டின் கடுங்குளிர். வாரக்கணக்கில் கால்வாய்கள் பனிக்கட்டியாய் உறைந்துகிடக்க, சரக்குகள் லாரிக்கு மாறின, மாறியவை திரும்பவில்லை.

அதற்கு முன்பே வேறொரு விதை ஊன்றப்பட்டிருந்தது. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939இல் தம் மனைவியுடன் 'கிரெசி' என்ற பழைய படகில் குடியேறி, அப்பயண அனுபவத்தை 1944இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவரைத் தேடிச் சென்று சந்திக்க, 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. பின்னாளில் அவ்விருவரும் பிணங்கிப் பிரிந்தனர் என்பது வருந்தத்தக்கது. எனினும் தூர்க்கப்பட இருந்த பல கால்வாய்கள் அச்சங்கத்தால் பிழைத்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைக் கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை 2012 முதல் நிருவகித்து வருகிறது. சரக்கு போயிற்று, மக்கள் வந்தார்கள்.

இனி, அம்மக்களின் பழக்கவழக்கங்களுக்கு வருவோம். காஸ்குரோவிலிருந்து வடக்கே ஸ்டோக் புரூயன் நோக்கி நாம் சென்றது கிராண்ட் யூனியன் கால்வாய். இங்குள்ள லாக்குகள் பதினான்கடி அகலமானவை. ஆகவே இரு குறும்படகுகள் அருகருகே நின்று ஒரே நீரில் ஏறலாம். முன்னால் வந்தவர், பின்னால் எவரேனும் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக் காத்திருப்பது அங்கே நல்லொழுக்கம். ஒரு தொட்டி நீர் மிச்சமாகும். கதவு தள்ள நான்கு கைகளும் கிடைக்கும். அக்கதவுகளின் கனம் சொல்லி முடியாது. கதவின் மேலுள்ள நீண்ட மரத்தில் முதுகைச் சாய்த்து, தரையில் பதித்த செங்கல் வரம்புகளில் கால்களை ஊன்றி, மெல்ல மெல்ல நகர்த்தவேண்டும். நீர் இருபுறமும் சமமாகும் வரை எத்தனை பலசாலியாலும் அது அசையாது. சமமான பின் ஒரு சிறுமியும் தள்ளிவிடுவாள். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பில், இதற்குமுன் கண்டிராத இருவர் தம் முதுகுகளை ஒரே மரத்தில் சாய்த்தவாறு, மக்களின் படிப்பு முதல் மூட்டுவலி வரை பேசி முடித்துவிடுகிறார்கள். மேல்நீர் சேர்ந்ததும், "மறுபடி பார்ப்போம்" என்று கையசைத்துப் பிரிகிறார்கள். ஒரு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் பார்க்கவும் செய்கிறார்கள்.

எவரையும் சொந்தப் பெயரால் அறிவது அரிது. படகின் பெயரே ஆளின் பெயர். மீன்கொத்தி என்ற பெயருடைய படகில் இருப்பவர் மீன்கொத்திக்காரர். எதிர்ப்படும் ஒவ்வொரு படகுக்கும் கையுயர்த்தி வணக்கம் செலுத்தவேண்டும். மணிக்கு நான்கு மைலே உச்ச வேகம். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதையும் பாதியாகக் குறைக்கவேண்டும். குறைக்காதவனின் அலையில் கட்டிய படகுகள் இழுபட்டு, உள்ளே தேநீர்க் கிண்ணங்கள் சரியும். அப்போது சன்னல்கள் திறந்து வெளிவரும் சொற்களை இவ்விதழில் அச்சிட இயலாது. மற்றொருவர் படகில் அழைப்பின்றிக் கால்வைப்பது பெருங்குற்றம். கூரையை விரலால் தட்டிவிட்டுக் கரையிலேயே நிற்கவேண்டும். சுவரின்றி வாழ்வோர் வைத்துக்கொண்ட சுவர் இது எனலாம்.

தண்ணீர்க் குழாயிடத்தைக் கண்டபோது நம் ஊர்க் குழாயடியே நினைவுக்கு வந்தது. ஒரு தொட்டி நிறைய ஒரு மணி நேரம் ஆவதுண்டு. இரு படகுகள் காத்திருந்தால் இரண்டு மணி நேரப் பேச்சு. எந்த லாக் பழுதுக்காக மூடப்படுகிறது, கரியும் டீசலும் விற்றுவரும் எரிபொருள் படகு எந்தப் பாலத்தைத் தாண்டியது, எந்த முதியவரின் புகைபோக்கியில் இரண்டு நாளாகப் புகையைக் காணோம் - இவை அனைத்தும் குழாயடியிலேயே தெரிந்துவிடும். சண்டையும் உண்டு. இரவில் மின்னாக்கி ஓட்டுபவர், குழாயை அடைத்துக்கொண்டு துணி துவைப்பவர், நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு நகராதவர் ஆகியோர் மேல் வசைமாரி பொழிவதைக் கேட்டோம். புனிதர் கூட்டம் ஒன்றையும் நாம் காணவில்லை.

மாலை நேரங்களில், முன்னாளில் குதிரைகள் படகிழுத்துச் சென்ற கரைப்பாதையில் மடக்கு நாற்காலிகள் விரியும். நம் படகின் முன்னும் பின்னுமாக அப்போது ஐந்து படகுகள் நின்றன. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்; பிணியாளர் இல்லங்களில் பணிபுரியும் இளந்தாயும் அவள் ஏழு வயது மகனும்; லாரி பழுதுபார்க்கும் இளைஞர்; மணமுறிவுக்குப்பின் வீட்டை விற்றுப் படகு வாங்கிய ஒருவர்; இவர்களுடன், நாற்பதடிப் படகில் தனியே வாழ்ந்த 78 வயது முதியவர். கரையில் இவர்களை ஒரே மேசையில் அமர்த்த எந்தக் கல்யாண வீட்டாராலும் முடியாது. இங்கோ வழக்கறிஞர் கிழங்கு சீவ, லாரிக்காரர் அவர் இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றினார். முன்பு என்னவாயிருந்தீர் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். பல சபைகளையும் சார்ந்த தொண்டர்கள் நீர்வழிக் குருத்துவப் பணி என்னும் பெயரில் கரைப்பாதையில் நடந்து இம்மக்களைச் சந்தித்து வருகிறார்கள். அவர்களும் கூரையைத் தட்டிவிட்டுக் கரையில்தான் நிற்கிறார்களாம்.

பதினான்கு நாள் விதியை இங்கே விளக்கவேண்டும். நிலையான கட்டுமிடம் வேண்டுவோர் ஆண்டுவாடகை செலுத்திப் பெறலாம். அது எல்லாராலும் இயல்வதன்று. அது இல்லாதோரும் உரிமம் பெறலாம் என்றும், ஆனால் அவர்கள் மெய்யாகவே பயணம் செய்பவராயிருந்து, எந்த ஓரிடத்திலும் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்றலாகாது என்றும் 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம் கூறுகிறது. சூழ்நிலைக்கேற்ப நியாயமான கூடுதல் காலத்துக்கும் அது இடமளிக்கிறது. எவ்வளவு தொலைவு நகரவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. உரிமக் காலத்தில் 20 மைல் எல்லைக்குள்ளேயே சுற்றிவருவோர் மெய்யான பயணிகளாகக் கொள்ளப்படுதல் அரிது என்பது அறக்கட்டளை அறிவித்த கருத்து. 2024 ஏப்ரல் முதல் கட்டுமிடமில்லாப் படகுகளுக்கு உரிமக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகையும் சேர்ந்தது. படகுகள் பெருகிவிட்டன, பழமையான கரைகளையும் கதவுகளையும் பேணப் பணம் வேண்டும் என்பது ஒரு நியாயம். வீட்டு விலைக்கும் வாடகைக்கும் அஞ்சி நீரில் இறங்கியவரிடமே கூடுதலாகக் கேட்பது தகுமா என்பது மறு நியாயம். இரண்டையும் அவர்கள் வாயாலேயே, ஒரே மாலையில், ஒரே தேநீருக்கிடையில் கேட்டோம்.

இவ்விதியின் பாரத்தை இளந்தாயின் நாட்குறிப்பில் கண்டோம். மகனின் பள்ளி ஓரிடத்தில் நிற்கிறது, வீடு நகர்கிறது. பள்ளித் தவணைகளையும் 14 நாட்களையும் இருபது மைல்களையும் ஒரு நிலப்படத்தின்மேல் வண்ணக்கோல்களால் குறித்து, விடுமுறையில் தொலைவாகச் சென்று, தவணைக் காலத்தில் பேருந்துத் தடத்தை ஒட்டி நிற்குமாறு ஓராண்டுக்குத் திட்டம் வகுத்திருந்தாள். ஜார்ஜ் ஸ்மித் வாதாடிய பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று இச்சிறுவனுக்கு இருந்தது. அது அவன் தாயின் கணக்கு.

ஐந்தாம் நாள் மாலை, ஸ்டோக் புரூயனின் ஏழு லாக்குகளுக்குக் கீழே நாங்கள் நின்றிருந்தபோது, அம்முதியவர் தம் படகின் படியில் அமர்ந்தபடி மூச்சுவிட இயலாமல் தவிப்பதைச் சிறுவன் கண்டு ஓடிவந்தான். அம்மையார் ஓடினார். ஆசிரியர் ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் பேசினார். "வீட்டு எண்? தெருப் பெயர்?" என்று கேட்டிருப்பார்கள் போலும். ஆசிரியர் நிதானமாகக் கால்வாயின் பெயரையும் அருகிலுள்ள பாலத்தின் எண்ணையும் அப்பாலத்தின்மேல் செல்லும் நெடுஞ்சாலையின் எண்ணையும் கூறினார். கால்வாயின் ஒவ்வொரு பாலத்துக்கும் எண் உண்டு. அதுவே இம்மக்களின் முகவரி. லாரிக்காரர் விளக்குடன் சாலையில் போய் நின்றார். இருபது நிமிடங்களுக்குள் முதியவரை நார்தாம்ப்டன் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள்.

அவரைப் பற்றி முன்னரே சிறிது அறிந்திருந்தோம். சரக்குப் படகின் பத்தடி அறையில் பிறந்தவர். சிறுவயதில் கையில் கயிறு அறுத்த புண்ணுக்கு மேரி வார்டு செவிலியரிடம் மருந்திட்டுக்கொண்டதாகச் சொல்லித் தழும்பைக் காட்டினார். 1963இல், பதினேழு வயதில், பெற்றோருடன் கரையேறி, லாரி ஓட்டி, முப்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்று, மனைவி இறந்தபின் மீண்டும் படகு வாங்கியவர். பத்தொன்பது ஆண்டுகளாக நீரில் இருந்தார்.

அவர் படகு அவ்விடத்தில் நின்று அன்றோடு ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. நோயுற்றவர் படகு என்று எழுதினால் கூடுதல் நாட்கள் கேட்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறதே, இன்றே எழுதிவிடுவோம் என்றார் அம்மையார். வழக்கறிஞரும் அதையே சொன்னார். இளந்தாய் மட்டும், "அவரைக் கேளாமல் எழுதாதீர்கள்" என்றாள். மறுநாள் ஆசிரியரோடு நாமும் மருத்துவமனை சென்றோம். முகத்தில் உயிர்வளிக் குழாயுடன் படுத்திருந்த முதியவர் செய்தியைக் கேட்டு, ஆசிரியரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "பத்தொன்பது ஆண்டில் ஒருநாளும் எவரிடமும் நாள் கேட்டதில்லை. பிளிஸ்வர்த்துக்குப் போக இருந்தேன். பிளிஸ்வர்த்தில் கட்டுங்கள்" என்றார். பிறகு நம்மை நோக்கி, "தந்தையே, நீர் கதவு தள்ளுவீரா?" என்று கேட்டார். தள்ளுவோம் என்றோம்.

அவ்வாறே ஏழாம் நாள் காலையில் முதியவரின் படகை ஆசிரியரின் படகோடு அருகருகே வைத்து, வழக்கறிஞர் அதன் சுக்கானைப் பிடிக்க, ஏழு லாக்குகளும் ஏறினோம். இளந்தாயும் சிறுவனும் இரும்புத் திருகுகோல்களுடன் முன்னே சென்று ஒவ்வொரு தொட்டியையும் ஆயத்தம் செய்தார்கள். லாரிக்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. மேலேறியதும் பிளிஸ்வர்த் சுரங்கம்: 1805இல் திறந்தது, நீளம் 3,076 கெஜம். உள்ளே கரைப்பாதை கிடையாது. முற்காலத்தில் குதிரையை மலைமேல் நடத்திச் சென்று, ஆட்கள் பலகைமேல் மல்லாந்து படுத்துச் சுவரைக் கால்களால் உதைத்தே படகை நகர்த்தினார்களாம். இயந்திரப் படகுக்கே அரைமணிக்கு மேலாயிற்று. காற்றுக் கூண்டுகளிலிருந்து கொட்டும் நீரில் நனைந்து, மறுமுனை வெளிச்சத்தில் வெளிவந்து, பிளிஸ்வர்த்தில் முதியவர் சொன்ன பாலத்தருகே முளையடித்துக் கட்டினோம். அம்மையார் அவர் அறையைக் கூட்டி, கணப்படுப்பின் சாம்பலை அள்ளினார். அன்று மாலை மற்றப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவர்களுள் எவருக்கும் அன்று பிளிஸ்வர்த்தில் வேலையிருந்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஆனால் கடினமான கேள்வி அதற்குப் பின்னரே எழுந்தது. நுரையீரல் நோய் முற்றிவிட்டது. ஈரமும் கரிப்புகையும் ஆகா. செங்குத்தான படிகளில் ஏறியிறங்கவும் கூடாது என்று மருத்துவர்கள் கூறினர். நகரில் தரைத்தளத்து வீடொன்று பெற்றுத் தர ஏற்பாடு நடந்தது. இதுபற்றி நம் படகிலேயே கருத்து இரண்டுபட்டது. "நான் செவிலி. அந்த அறையில் எத்தனை குளிர்காலம் தாங்குவார் என்பது எனக்குத் தெரியும்" என்றார் அம்மையார். "அந்த வீட்டில் எத்தனை மாதம் தாங்குவார் என்பது எனக்குத் தெரியும்" என்றார் ஆசிரியர். கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையை அறிவிக்கும் கருவி 2019 முதல் குடியிருக்கும் படகுகளில் கட்டாயம். ஆனால் தனிமையை அறிவிக்கும் கருவி எந்த வீட்டிலும் இல்லையே என்று அவர் வாதிட்டார். நம் கருத்தைக் கேட்டார்கள். உயிரோடிருப்பவருக்கே அண்டைவீட்டார் பயன்படுவர். ஆகவே மாரிக்காலத்தை வீட்டில் கழிக்கட்டும் என்றோம். ஆசிரியர் அதை ஏற்கவில்லை. அன்றிரவு அப்படகில் கால்களை மடக்கிக்கொண்டு மூவரும் நெடுநேரம் பேசாதிருந்தோம்.

நாம் ஊர் திரும்பிய பின் மடல்கள் வருகின்றன. நவம்பரில் முதியவர் தரைத்தளத்து வீட்டுக்குச் சென்றார். ஆனால் படகை விற்க மறுத்துவிட்டார். உரிமக் கட்டணத்தையும் கூடுதல் தொகையையும் ஓய்வூதியத்திலிருந்து செலுத்துகிறார். படகு நிற்கக்கூடாதே! எனவே ஐந்து படகுக்காரரும் முறைவைத்து அதைத் தம்முடன் கொண்டுசெல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பால எண்ணை அவருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். நீர் எவ்வளவு ஆழம், கயிறு எப்பக்கம் கட்டியது என்றும் சொல்லவேண்டும். வீட்டுச் சுவரில் சிறுவன் ஒட்டிக்கொடுத்த நிலப்படத்தில் அவர் அதைக் குறித்துக்கொள்கிறாராம். மாரி முடிந்து வசந்தம் வந்தபோது, வெயிலான நாட்களில் அவரைக் காரில் அழைத்துவந்து பின்தளத்தில் நாற்காலியிட்டு அமர்த்தினார்கள். திரும்பப் படகில் குடியேறுவாரா என்பதை அவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அம்மையாரும் ஆசிரியரும் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை என்பது மடலில் இருவரும் தனித்தனியே எழுதிய பின்குறிப்புகளால் தெரிகிறது.

சென்ற வாரம் வந்த மடலின்படி, அப்படகு பிரவுன்ஸ்டனுக்குத் தெற்கே, வில்லோ மரங்களின் கீழ் நிற்கிறது. வரும் வியாழக்கிழமையோடு 14 நாள் முடிகிறது. முறைப்படி லாரிக்காரர் நகர்த்தவேண்டும். அவர் கையில் அடிபட்டிருப்பதால் இளந்தாய் நகர்த்துவாளா, வழக்கறிஞரா என்பது அந்த மடல் எழுதிய நாள் வரை முடிவாகவில்லை.